பழைய பொருளின் முழு விலை

ஒரு பொருளைப் பழையதாக வாங்கியவரிடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், புது விலையிலிருந்து தான் கொடுத்த விலையைக் கழித்துச் சொல்வார். ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டரை ஐம்பதாயிரத்துக்கு வாங்கினால் ஐம்பதாயிரம் மிச்சம். இந்தக் கணக்கில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வாங்கிய பிறகு வரும் செலவிலும், ஏமாந்தால் தாங்க வேண்டிய இழப்பிலும் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குவது நல்ல வழக்கம், அது வளர வேண்டும் என்பதே என் நிலை. ஆனால் இன்றைய சந்தை, விவரம் தெரிந்தவருக்கு லாபத்தையும் தெரியாதவருக்கு நஷ்டத்தையும் பிரித்துக் கொடுக்கிறது. ஏமாறினால் எழுந்து நிற்க வழியில்லாதவருக்கே அந்த நஷ்டம் பெரிதாக வலிக்கிறது.

எங்கும் உண்டு, கணக்கில் இல்லை

தமிழ்நாட்டில் இந்த வணிகம் புதிதல்ல. சென்னையில் 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய புத்தகம் முதல் பழைய கடிகாரம் வரை தேடிப் போகிற இடமாக இருந்தது. 1985 மே மாதம் தீக்கிரையான பிறகும் அதன் வியாபாரிகள் பக்கத்து வளாகத்தில் கடை விரித்தார்கள். புதுப்பேட்டையில் வண்டி உதிரி பாகங்கள், ரிச்சி தெருவில் பழைய கணினிகள் என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தெரு உண்டு. ஈரோடு, கோவை பக்கம் பழைய வண்டி விற்கும் கடைக்கு ‘கன்சல்டிங்’ என்றே பெயர். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் கிராமந்தோறும் வந்தார்கள். ஜரிகையின் வெள்ளிக்காகப் பழைய பட்டுப் புடவை வாங்குவோர் இன்றும் வருகிறார்கள்.

இத்தனை பெரிய வாங்கல், நாட்டின் கணக்கில் சிறிதாகவே தெரியும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பழைய பொருளின் விலை சேராது. அது முதலில் விற்கப்பட்ட ஆண்டிலேயே எண்ணப்பட்டுவிட்டது. வியாபாரியின் லாபமும் புரோக்கர் கமிஷனும் மட்டும் சேரும். ஆனால் குடும்பத்துக்கு அது முழுச் செலவு. தேசிய மாதிரி ஆய்வின் குடும்பச் செலவுப் படிவத்தில் பழைய துணி, பழைய புத்தகம், பழைய சாதனம் ஆகியவற்றுக்குத் தனி இடம் கொடுத்திருந்தது அதனால்தான்.

ஏன் வாங்குகிறார்கள்?

முதல் காரணம் தேய்மானம். வாகனக் காப்பீட்டில் பின்பற்றப்படும் அட்டவணை இதைத் தெளிவாகக் காட்டும். ஓராண்டு முடிவதற்குள் வண்டியின் மதிப்பில் 15 சதவீதம் கழிக்கப்படும். இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. சந்தை விலை இதிலிருந்து கூடலாம், குறையலாம். எப்படியானாலும் முதல் ஓனர் தாங்கிய இழப்பு இரண்டாம் ஓனருக்குச் சலுகையாகிறது. வண்டியோ அதற்குள் தன் ஆயுளில் சிறு பங்கைத்தான் ஓடியிருக்கும்.

இதைவிட அழுத்தமான காரணம், கையில் இருக்கும் ரொக்கம். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். புது ஸ்கூட்டர் 1,00,000 ரூபாய். மூன்றாண்டு சர்வீஸ் 9,000. பிறகு 58,000-க்கு விற்றால் நிகரச் செலவு 51,000. நான்காண்டு ஓடிய அதே ஸ்கூட்டர் 50,000. வாங்கியதும் டயர், பேட்டரி, பெயர் மாற்றம், கமிஷன் எல்லாம் சேர்த்து 12,000. மூன்றாண்டு சர்வீஸ் 9,000. பிறகு 28,000-க்கு விற்றால் நிகரச் செலவு 43,000. பெட்ரோலையும் காப்பீட்டையும் இரண்டிலும் விட்டுவிட்டால், ஐம்பதாயிரம் என்று தோன்றிய மிச்சம் மூன்றாண்டில் 8,000 ஆகச் சுருங்குகிறது. இடையில் 15,000 ரூபாய்க்கு ஒரு இன்ஜின் வேலை வந்தால் மிச்சம் போய் நஷ்டம் வந்துவிடும்.

அப்படியிருந்தும் அந்தக் குடும்பம் பழைய வண்டியைத் தேர்ந்தெடுப்பது அறிவீனம் அல்ல. முதல் நாளில் அதற்குத் தேவைப்பட்டது 62,000. புது வண்டிக்கு ஒரு லட்சம் வேண்டும். அந்த 38,000 ரூபாய் இல்லாததால் வேலைக்குப் போகும் வழி அடைபடக் கூடாது. தொலைவிலுள்ள கம்பெனியில் வேலை கிடைத்த இளைஞருக்கு வண்டி இன்றைக்கே வேண்டும். காசு சேரும்வரை வேலை காத்திருக்காது. மொத்தச் செலவு குறைகிறது என்பதைவிட, வாழ்க்கை நிற்காமல் ஓடுகிறது என்பதே செகண்ட் ஹேண்ட் சந்தையின் பெரிய உதவி.

மூன்றாவது காரணம் மனநிலை, அது பொருளுக்குப் பொருள் மாறுகிறது. பழைய வீடு, வண்டி, புத்தகம் வாங்கத் தயங்காதவர்கள் முன்பின் தெரியாதவர் உடுத்திய துணியைத் தொடத் தயங்குகிறார்கள். அதே வீட்டில் பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான். அக்காவின் பாவாடை தங்கைக்கு வரும். யார் உடுத்தியது என்று தெரிந்தால் தயக்கம் இல்லை. பழைய பொருளில் நாம் தேடுவது அதன் முன்கதையைத்தான். துணியில் அது மனத்தைப் பொறுத்தது. இயந்திரத்தில் பணத்தைப் பொறுத்தது.

குறை எங்கே?

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியதே. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் நடுத்தர விலைக்கு மேல் கொடுக்க அஞ்சுவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். மோசமான வண்டிகளே சந்தையில் மிஞ்சும். 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ள இந்தச் சிந்தனை முக்கியக் காரணம். நல்ல வண்டி வெளியே வராது, சொந்தபந்தத்துக்குள்ளேயே கைமாறிவிடும் என்று நம் மெக்கானிக்குகள் சொல்வதும் இதையேதான்.

இதன் விளைவை ஏழைமையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மெக்கானிக் மாமாவோ ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிந்தவரோ உள்ள குடும்பம் ‘சிங்கிள் ஓனர்’ வண்டியை நல்ல விலைக்கு எடுத்துவிடும். ஊருக்குப் புதிதாக வந்த கூலித் தொழிலாளிக்கு மீட்டர் குறைத்த வண்டி போய்ச் சேரும். பழைய வண்டிக்கான கடன், புது வண்டிக் கடனைவிட வழக்கமாக அதிக வட்டியில்தான் கிடைக்கிறது. சேமிப்பு உள்ளவருக்கு இன்ஜின் வேலை ஒரு எரிச்சல். இல்லாதவருக்கு அது வேலையிழப்பு.

காகிதம் அடுத்த குறை. வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றாமல் விடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. விற்று ஆண்டுகள் கழித்து நீதிமன்ற நோட்டீஸ் பழைய ஓனரைத் தேடி வர இதுவே வழி. வாங்கியவரும் 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க இந்த வேலையைத் தள்ளிப்போடுவது, பழைய பொருள் வாங்குவதிலேயே மிக விலையுயர்ந்த சிக்கனம்.

மின்சாதனத்தில் குறை மெதுவாகத் தெரியும். பழைய ஃபிரிட்ஜ் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் மின்சாரம் அதிகம் இழுக்கும். தமிழ்நாட்டில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடுகிறது. அந்த எல்லையில் நிற்கும் வீட்டில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் மொத்தக் கட்டணத்தையே உயர்த்திவிடும். செல்போனில் வேறு சிக்கல்: பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன் பார்க்க நன்றாக இருந்தாலும் வங்கிச் செயலிக்கு ஏற்றதல்ல. திருட்டுப் போன் கைக்கு வந்தால் பணமும் போகும், போலீஸ் விசாரணையும் வரும். நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். அது தடுக்கப்பட்ட எண்ணா என்று மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் சரிபார்க்கலாம்.

புத்தகத்தில் குறை மிகக் குறைவு. தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. முன்கதை தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஏழை மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள சந்தை வேறில்லை. ஒரே ஆபத்து பாடத்திட்டம். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2013, 2017, 2021 என்று ‘ரெகுலேஷன்’ மாறும்போதெல்லாம், முந்தைய பாடத்திட்டப்படி எழுதிய கையேடுகள் எடைக்குப் போகின்றன. அடிப்படைப் பாடநூல்கள் மட்டும் மதிப்பு இழப்பதில்லை.

சூழலுக்கு நல்லதா?

நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு. பழைய பொருள் ஒரு புதுப் பொருளின் இடத்தைப் பிடித்தால் மட்டுமே உற்பத்தியும் குப்பையும் குறையும். மலிவாகக் கிடைக்கிறது என்று வீட்டில் மூன்றாவது டேபிளையும் நான்காவது போனையும் சேர்த்தால் அந்தப் பயன் இல்லை. விற்பவர் பக்கமும் இதே கேள்வி உண்டு. நிறுவனங்கள் நடத்தும் எக்ஸ்சேஞ்ச் திட்டம் பழைய போனுக்கு ஒரு விலை கொடுத்து, இன்னும் ஈராண்டு உழைக்கக்கூடிய போனைக் கைவிடத் தூண்டுகிறது. மறுவிற்பனையே அடுத்த புது வாங்கலுக்கு முன்பணமாகிறது. பழையதை வாங்குவதற்கு முன், இருப்பதைப் பழுதுபார்ப்பது ஒரு படி மேலானது.

என்ன செய்யலாம்?

அரசு சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. பழைய வாகன வியாபாரிகள் வாகனப் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறும் விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், பதிவு பெற்ற வியாபாரிகள் விற்கும் எல்லாப் பழைய வாகனங்களுக்கும் லாபத் தொகையின் மேல் 18 சதவீத வரி என்று ஒரே விகிதமாக்கப் பரிந்துரைத்தது. முதலாவது சரியான திசை. இரண்டாவதில் எனக்கு மாறுபாடு உண்டு. ரசீது கொடுக்கும் கடை வரி கட்டுகிறது. காகிதமே இல்லாமல் கைமாற்றிவிடும் புரோக்கர் கட்டுவதில்லை. பாதுகாப்பான வழியின் விலை கூடும்போது, காசு குறைந்தவர் பாதுகாப்பற்ற வழிக்கே தள்ளப்படுவார்.

மூன்று மாற்றங்கள் தேவை. தொழிலாகப் பழைய பொருள் விற்பவர் அதன் நிலையை எழுத்தில் தர வேண்டும்: எத்தனையாவது ஓனர், எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எது பழுது. வண்டிக்கும் மின்சாதனத்துக்கும் குறைந்தது ஒரு மாத உத்தரவாதம் கட்டாயமாக வேண்டும். சிறு பழைய வண்டிக்கு வரி குறைந்து, பெயர் மாற்றம் விற்கும் கடையின் பொறுப்பாக வேண்டும். மறைந்திருக்கும் விவரம் வெளியே வந்தால் நல்ல பொருளுக்கு நல்ல விலை கிடைக்கும், நல்ல பொருளும் சந்தைக்கு வரும்.

சட்டம் வரும்வரை வாங்குபவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளலாம். கையில் 50,000 இருந்தால் 40,000-க்கு வண்டி பாருங்கள். மீதி முதலாண்டுப் பழுதுக்கு. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். ஆர்.சி.யில் பைனான்ஸ் நிலுவை இருந்தால் என்.ஓ.சி. இல்லாமல் முன்பணம்கூடத் தராதீர்கள். ஹெல்மெட்டை எந்த விலைக்கும் பழையதாக வாங்காதீர்கள். புத்தகத்தைத் தயங்காமல் வாங்குங்கள், படித்ததும் இன்னொருவருக்குக் கொடுங்கள். விற்பவராக இருந்தால், உங்களுக்குத் தெரிந்த குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். நீங்கள் மறைக்கும் ஒரு பழுதின் செலவை, உங்களைவிட வசதி குறைந்த ஒருவர்தான் கட்டப்போகிறார்.