ரிட்டையர்மென்ட் வராத சுயசரிதை

‘ரிட்டையர் ஆனவனுக்குப் படிக்க ஒரு புஸ்தகம் குடுத்தியே, அதுல ரிட்டையர்மென்ட்டே வரலையேப்பா!’

போனில் ‘ஹலோ’கூடச் சொல்லாமல் இப்படி ஆரம்பித்தவர் என் அக்கவுன்டன்ஸி சார். வையம்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருடமும் டெபிட் எது, கிரெடிட் எது என்று எனக்குப் புரியவைத்தவர். அவர் புண்ணியத்தில் பி.காம். முடித்தேன். பிறகு பத்திரிகைக்கு வந்து, படித்த கணக்கையெல்லாம் மறந்தது என் சொந்த முயற்சி.

சார் 2022-ல் ரிட்டையர் ஆனார். 58 என்று இருந்த ஓய்வு வயது 2020-ல் 59 ஆகி, 2021-ல் 60 ஆனதில் அவருக்கு இரண்டு வருடம் கூடக் கிடைத்தது. இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறார். பென்ஷன் வருகிறது. காலையில் கோயில், மதியம் தூக்கம், சாயங்காலம் காவிரிக் காற்று. திருச்சி ஜில்லாவில் பாதிப் பேர் ஆசைப்படுகிற வாழ்க்கை. ஆனால் சார் சந்தோஷமாக இல்லை. போன தடவை பார்க்கப் போனபோது, ‘பொழுது போகலைப்பா’ என்றார். அதனால்தான் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ வாங்கிக் கொடுத்தேன். தமிழில் ஒரு வாத்தியார் எழுதிய சுயசரிதைகளில் அதைவிடப் பெரிய புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை.

சார் சொன்ன குறை நூற்றுக்கு நூறு நிஜம். உ.வே.சா. சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றது 1919-ல். ‘என் சரித்திர’த்தில் அந்த வருடம் வரவே வராது. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் வாராவாரம் எழுத ஆரம்பித்தார். அப்போது அவருக்கு 84 வயது. 1942 ஏப்ரல் 28-ல் இறந்துபோனார். 122 அத்தியாயம் எழுதியும், கதை 19-ம் நூற்றாண்டைத் தாண்டவில்லை. ‘மணிமேகலை’யை அவர் பதிப்பித்தது 1898-ல். அந்தக் காலத்தை ஒட்டியே புத்தகம் நின்றுவிடுகிறது. ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர், தான் ஓய்வு பெறாத காலத்தைப் பற்றியே எழுதிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனாலும் சாரிடம் நான் விடவில்லை. ‘அவர் ரிட்டையர்மென்ட் வரலை சார். வேற ரெண்டு வாத்தியார் கணக்கு முடியறது இருக்கே... பாத்தீங்களா?’ என்றேன்.

முதல் கணக்கு, உ.வே.சா.வின் குரு திரிசிரபுரம் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையுடையது. திரிசிரபுரம் என்றால் நம்ம திருச்சிதான். திருவானைக்கா அகிலாண்டேசுவரி மேல் பிள்ளைத்தமிழ் பாடியவர். சாமிநாதையர் 1871-ல் மாயூரத்தில் இவரிடம் சேர்ந்தபோது பையனுக்கு வயது 16. பிள்ளை யாரிடமும் ஃபீஸ் வாங்கிப் பாடம் சொன்னவர் இல்லை. மாதச் சம்பளமும் இல்லை. புராணம் பாடித் தரச் சொல்லும் ஊர்க்காரர்கள், பிரபுக்கள், கடைசியில் திருவாவடுதுறை மடம்... இவர்கள் தயவில்தான் சாப்பாடு. தமிழ்நாட்டிலேயே பெரிய வித்வான். அவருக்கும் கடன் தொல்லை இருந்தது.

1876 பிப்ரவரி 1-ல் அவர் இறந்தார். வயது 60. இன்றைக்கு நம் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு கொடுத்து வழியனுப்புகிற அதே வயது. பிள்ளைக்கு ஓய்வு, மரணம் இரண்டும் ஒரே நாளில் வந்தன.

அந்தக் கடைசி நேரத்தை உ.வே.சா. எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி வைக்காமல் அடுத்த பக்கம் போனவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். பரம சைவரான குரு, சவேரிநாத பிள்ளை என்கிற கிறிஸ்தவ மாணவரின் மார்பில் சாய்ந்திருக்கிறார். ஸ்மார்த்த பிராமண வீட்டுப் பையன் சாமிநாதன் பக்கத்தில் உட்கார்ந்து, திருவாசகத்தில் அடைக்கலப்பத்து படிக்கிறான். உ.வே.சா. இதை மத நல்லிணக்கம் என்றெல்லாம் பெயர் வைத்துக் கொண்டாடவில்லை. அந்த வீட்டில் அது சாதாரணம். அதனால் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறார். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையும் கிறிஸ்தவர்தான். குளத்தூர்க்காரரான அவர்மேல் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ‘குளத்தூர்க் கோவை’யே பாடியிருக்கிறார்.

பக்தியைப் பற்றி இந்தப் புத்தகம் சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தோரணைதான். உ.வே.சா. கடைசிவரை நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். வளர்ந்தது சைவ மடத்தில். அப்படிப்பட்டவர் 1880-ல் கும்பகோணத்தில் சேலம் ராமசாமி முதலியார் என்ற முன்சீபைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறேன் என்று பெருமையாக அடுக்குகிறார். முதலியார் மசியவில்லை. ‘சீவக சிந்தாமணி’ படித்தது உண்டா என்கிற மாதிரி கேட்டுவிடுகிறார். படித்ததில்லை! அது ஜைனக் காப்பியம். 25 வயது காலேஜ் வாத்தியார் அதற்காகக் கும்பகோணத்து ஜைனர்களைத் தேடிப்போய், மாணவனாக உட்கார்ந்து, அவர்கள் மதத்தைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். 1887-ல் ‘சிந்தாமணி’ அச்சாகிறது. பத்து வருடம் கழித்து ‘மணிமேகலை’க்காகப் பௌத்தம். அதற்கு உதவியவர் மளூர் ரங்காசாரியர் என்ற வைஷ்ணவர்!

இதைச் சொன்னதும் சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒன்று சொன்னார். ‘முப்பது வருஷத்துக்கு மேல காலைல ப்ரேயர்ல நின்னிருக்கேன்ப்பா. ஒரு நாளும் நான் சாமி கும்பிட்டதில்லை. கண்ணை மூடினதே இல்லை. இன்னைக்கு எவன் வரலை, எவ வரலைன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். இப்ப கோயில்ல நின்னாலும் அதே புத்திதான். பெருமாளைப் பாக்காம கியூவை எண்ணிக்கிட்டிருக்கேன்.’

எனக்கென்னவோ அந்த முப்பது வருடமும் சார் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால், ‘டயலாக் பேசாத’ என்பார்.

இரண்டாவது கணக்கு, தியாகராச செட்டியாருடையது. லால்குடிப் பக்கம் பூவாளூர்க்காரர். இவரும் பிள்ளையின் மாணவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். குருவுக்குக் கிடைக்காத மாதச் சம்பளம் சிஷ்யருக்குக் கிடைத்தது. 1880-ல் வேலையை விட்டு விலகுகிற நேரம் வந்தது. செட்டியார் போட்ட கணக்கு என்ன தெரியுமா? தன் பிள்ளைக்கோ மாப்பிள்ளைக்கோ என்று பார்க்கவில்லை. திருவாவடுதுறை மடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த, காலேஜ் வாசலையே மிதிக்காத சாமிநாதையரைத் தேடிப்போனார். அவரை விட மனமில்லாத மடத்துத் தலைவரைச் சமாதானப்படுத்தினார். கல்லூரி முதல்வரிடம் சிபாரிசு செய்தார். மாணவர்கள் முன்னால் சோதனைக்கு நிறுத்தினார். அதே வருடம் பிப்ரவரியில் தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். சம்பளம் 50 ரூபாய்.

செட்டியார் மட்டும், ‘எனக்கென்ன போச்சு, நான் கிளம்பறேன்’ என்று போயிருந்தால்? சாமிநாதையர் கும்பகோணம் வந்திருக்க மாட்டார். ராமசாமி முதலியாரைப் பார்த்திருக்க மாட்டார். ‘சிந்தாமணி’யும் அதற்குப் பின்னால் வந்த சங்க நூல்களும் எப்போது, யார் கையால் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ‘என் சரித்திர’த்தை முழுதாகப் படித்து முடிக்கும்போது, அதன் ஹீரோ யார் என்ற கேள்விக்கு எல்லோரும் மகாவித்வான் என்பார்கள். என் ஓட்டு செட்டியாருக்கு. எப்படி ரிட்டையர் ஆக வேண்டும் என்பதை அந்தப் புத்தகத்தில் காட்டுகிறவர் அவர்தான்.

உ.வே.சா. அதை மறக்கவில்லை. திருவல்லிக்கேணியில் தன் வீட்டுக்கு அவர் வைத்த பெயர் ‘தியாகராஜ விலாசம்’. வேலை வாங்கிக் கொடுத்தவரின் பெயர். 2012-ல் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். நாம் நன்றி செலுத்துகிற லட்சணம் அது.

புத்தகத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. குருவைக் குறை சொல்ல உ.வே.சா.வுக்குப் பேனா எழாது. ஆனால் ஒளிக்கவும் தெரியாது. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்கப் போன பையனை, பாட்டுப் பழக்கம் படிப்பைக் கெடுக்கும் என்று பிள்ளை நிறுத்திவிடுகிறார். ‘நந்தனார் சரித்திரம்’ எழுதிய மகானிடம் கிடைக்கவிருந்த பாடம் அதோடு போச்சு. இன்றைய வாத்தியார் செய்தால் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் பிடித்துக்கொள்வோம். உ.வே.சா. வருத்தத்தை ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அப்புறம், பார்த்த பிரபுக்கள், மடத்து மனிதர்கள் பெயர்கள் பக்கம் பக்கமாக வரும். வாரத் தொடருக்கே உரிய இழுவை அங்கங்கே உண்டு. மனைவி பற்றி விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

பெரிய குறையைக் கண்டுபிடித்தது சார். ‘அட்டெண்டன்ஸ் எடுத்துப் பாத்தேன்ப்பா’ என்றார்.

‘எதுக்கு சார்?’

‘உன் புஸ்தகத்துக்குத்தான். அந்தத் திண்ணையில பொம்பளைப் பிள்ளை ஒண்ணுகூட இல்ல. சேரிப் பிள்ளை ஒண்ணு இல்ல. பிள்ளையவர்கள் நல்லவருதான், மதம் பாக்கலை. ஆனா பாதி ஊரு ஆப்சென்ட். என் கிளாஸ்ல ஆடு மேய்ச்சவன் மகனும், சித்தாள் வேலைக்குப் போனவ மகளும் முதல் பெஞ்சுல இருந்தாங்க. எங்க ஸ்கூலு மோசம்தான், கக்கூஸ்ல தண்ணி வராது. ஆனா அந்தத் திண்ணைய விட எங்க ஸ்கூலு பெருசு.’

குருகுலம் குருகுலம் என்று கண்ணில் நீர் விடுகிறவர்களுக்கு இதைவிட மரியாதையான பதில் இருக்க முடியாது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் அன்பு பெரிது. அது போய்ச் சேர்ந்த தூரம் சின்னது. மாதச் சம்பளமும் பென்ஷனும் வாங்குகிற, நாம் பஸ் ஸ்டாண்டில் நின்று திட்டுகிற சர்க்கார் வாத்தியார்தான் அந்தத் தூரத்தைக் கடந்தவர். ‘அந்தக் காலத்து குரு காசுக்கா பாடம் சொன்னார்?’ என்று கேட்பவர்கள், அந்தக் குருவின் கடனையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நான் படித்த அக்கவுன்டன்ஸியில் ஒரு பாடம் உண்டு. ‘கூட்டாளி விலகல் மற்றும் இறப்பு’. இரண்டையும் ஏன் ஒரே பாடத்தில் வைத்தார்கள் என்று அப்போது சிரிப்போம். ஒரு பார்ட்னர் கம்பெனியை விட்டுப் போகும்போது, கையிருப்பு, கடன் எல்லாம் பார்த்தபிறகு இன்னொன்றுக்கும் விலை போட வேண்டும்: நற்பெயர். குட்வில். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போகிறவர் கணக்கில் அவர் பங்கை வரவு வைத்தே ஆக வேண்டும். வாத்தியார் ரிட்டையர் ஆகும்போது நாம் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் கணக்குப் பார்க்கிறோம். குட்வில்லை மாலை மரியாதையோடு முடித்துவிடுகிறோம். செட்டியார் அதை அடுத்த ஆள் கணக்குக்கு மாற்றி எழுதிவிட்டுப் போனார்.

‘நீங்களும் செட்டியார் மாதிரி யாருக்காவது...’ என்று இழுத்தேன். சாருக்குக் கோபம் வந்துவிட்டது.

‘அவரு குடுத்தது நாற்காலிப்பா. என்கிட்ட நாற்காலி எங்க இருந்துச்சு?’

2022-ல், காலியான இடங்களில் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டுக்கொள்ளலாம் என்று அரசு சொன்னது. முதுநிலை ஆசிரியர் என்றால் மாதம் 12,000 ரூபாய். சார் இடத்துக்கு அப்படித்தான் ஒரு பெண் வந்தாராம். எம்.காம்., பி.எட். ‘நோட்ஸ் எல்லாம் குடுத்தேன். வாங்கிக்கிட்டு, அடுத்த வருஷம் நான் இருப்பனோ என்னமோ சார்னு சொல்லிச்சு. நான் என்ன சொல்ல?’

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களின் பென்ஷனைப் பற்றித் தமிழ்நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் சண்டை நடந்தது. அந்தப் பெண்ணுக்கு அந்தச் சண்டையில் சேரவே இடமில்லை. பிள்ளைக்குக் கடன், செட்டியாருக்குச் சம்பளம், சாருக்குப் பென்ஷன் என்று ஏறிவந்த கணக்கு, நாலாவது ஆளிடம் வரும்போது திரும்பத் தயவில் போய் நிற்கிறது. கொடுத்துவிட்டுப் போக நல்ல மனசு மட்டும் போதாது. கொடுப்பதற்கு நாற்காலி ஒன்று இருக்க வேண்டும். அதைப் போட வேண்டியது வாத்தியார் இல்லை, நாம்.

‘என் சரித்திரம்’ படிக்காதவர்கள் படியுங்கள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் களைத்துப்போக வேண்டாம். மாயூரத்தில் பையன் பிள்ளையிடம் சேருகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். செட்டியார் வருகிற அத்தியாயங்களை மெதுவாகப் படியுங்கள். உங்களுக்குப் பாடம் சொன்னவர் யாராவது உயிரோடு இருந்தால், ஒரு போன் போடுங்கள்.

போனை வைக்கும் முன் சார் சொன்னார்: ‘வர்ற வியாழக்கிழமை கூப்பிடாத. வையம்பட்டி போறேன்.’

‘என்ன சார் விசேஷம்?’

‘அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான் இருக்கு. கூட்டாளி விலகல் நடத்தணும், நீங்க வந்து ஒரு கிளாஸ் எடுங்கன்னு கேட்டுச்சு. பசங்க அதுல நற்பெயரைத்தான் தப்பாப் போடுவானுங்க.’