ஆளில்லாத தர்பார்

தர்பார் சீனை நடிகர் மேடைக்கு வருவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் பருத்த தூண்கள். தூணுக்குத் தூண் குங்குமச் சிவப்பில் பட்டுத்திரை வளைந்து தொங்குகிறது. கட்டம் போட்ட தரை உள்ளே போகப்போகக் குறுகி ஒரு வளைவில் முடிகிறது. வளைவுக்கு அப்பால் கையளவு ஆகாயம். இவ்வளவு ஜோடனைக்கும் நடுவில் ராஜா இல்லை, மந்திரி இல்லை, சாமரம் வீசுகிறவள்கூட இல்லை. தூணின் பூவேலையை அப்படி இழைத்தவர், நட்டநடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு மட்டும் காவியும் சாம்பலும் கலந்த ஒரு மங்கலை இழுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஜரிகை அங்கியோடு அரிச்சந்திரன் வந்து நிற்க வேண்டிய இடம் அது. அங்கே அவர் கைவரிசையைக் காட்டியிருந்தால் அரிச்சந்திரன் தூணோடு தூணாகப் போயிருப்பான்.

நாடகப் படுதாவை ஓவியக் கணக்கில் சேர்ப்பதற்கு நம் ரசிகர்களுக்கே கொஞ்சம் கூச்சம்தான். பின்னணி என்று சொல்லிச் சுருட்டி மூலையில் வைத்துவிடுகிறோம். என் கட்சி வேறு. தனியாகத் தொங்கும்போது ‘இதில் என்னமோ குறைகிறதே’ என்று பார்ப்பவரைத் தவிக்க வைக்கிற படுதாதான் நல்ல படுதா. இன்னொருவர் வந்து நிரப்பட்டும் என்று இடம் விட்டு வரைவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். தனி மனசும் வேண்டும். கண்காட்சிச் சுவரில் தன் பெயர்ச் சீட்டோடு தொங்கப் பழகிய ஓவியர் பலருக்கு இது லேசில் கைவராது.

தெருக்கூத்துக்கு இரண்டு பேர் பிடித்துக்கொள்ளும் ஒரு துணி போதும். வேடக்காரர் அதற்குப் பின்னால் நின்று குரல் காட்டி, கால் காட்டி, கடைசியில் முகம் காட்டுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் தென்னாட்டுக்கு வந்தபோதுதான் உருண்டு ஏறி இறங்கும் எழுதிய திரைகள் நம்மவர் கண்ணில் பட்டன. அப்புறம் தமிழ்நாட்டில் கம்பெனி என்றால் சீன் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நடத்திய சபா, அதிலிருந்து வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள், தந்திரக் காட்சிகளுக்கே பேர்போன நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை என்று அந்த வரிசை நீண்டது. காடு, தெரு, நந்தவனம், தர்பார், மயானம் என்று ஐந்தாறு படுதா கையில் இருந்தால் புராணம் முழுவதையும் ஓட்டிவிடலாம். நளன் தமயந்தியை விட்டுப் போன காடும், வள்ளி தினைப்புனம் காத்த காடும் ஒரே காடுதான். யாரும் ஆட்சேபித்ததில்லை.

செய்முறையைக் கேட்டால் பாதி தச்சு, பாதி சமையல். காடாத் துணியை மூட்டிச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சிச் சுண்ணப்பொடி கலந்து முதல் பூச்சு. அது காய்ந்ததும் கரியில் தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு. அப்புறம் பொடி வண்ணங்களை அதே பசையில் குழைத்து எழுதுவது. எண்ணெய் வண்ணம் ஆகாது. துணி கனத்துவிடும், சுருட்டினால் வெடித்துவிடும், வெளிச்சம் பட்டால் பளபளத்து நடிகரின் முகத்தைத் தின்றுவிடும். வரைபவருக்குக் கோல் பிடிக்க ஒருவர், பசை காய்ச்ச ஒருவர், பெரிய பரப்புகளை நிரப்ப இரண்டு பையன்கள், மேலே ஏற்றி உருளையில் கயிறு கோக்கத் தச்சர். விளக்குக்காரரிடமும் முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியில் நீலம் கறுத்துப்போகும். பகலில் பார்த்தால் கண்ணைக் குத்துகிற வெளிர்நீலத்தில் எழுதினால்தான் இராத்திரி அது ஆகாயமாக நிற்கும். இந்தக் கணக்கு தெரியாமல் அழகாக எழுதிய ஓவியரின் ஆகாயம், மேடையில் மழைமேகமாகிவிடும்.

இதைவிடச் சுவாரசியம் தூரக் கணக்கு. தரையும் தூணும் உள்வாங்கிப் போவதுபோல் எழுதியாயிற்று. நடிகர் முன்மேடையில் நிற்கும்வரை அரண்மனை அரண்மனைதான். நடித்துக்கொண்டே நாலடி பின்னால் போனாரென்றால் கடைக்கோடித் தூணைவிட உயரமாகிவிடுவார். அரண்மனை பொம்மை வீடாகச் சுருங்கிவிடும். ஆகவே எந்தக் கோட்டுக்கு அப்பால் கால் வைக்கக்கூடாது என்பது படுதா எழுதியவர் போட்ட கட்டளை. நாடக வாத்தியார் அதைப் பையன்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ராஜாக்கள் முன்மேடையிலேயே குறுக்கும் நெடுக்கும் உலாத்தியதற்கு இசை, ஆர்மோனியம், பாட்டு என்று பல காரணம் உண்டு. படுதாவும் ஒரு காரணம் என்பதை நாடகச் சரித்திரம் எழுதுகிறவர்கள் போகிறபோக்கில்கூடச் சொல்வதில்லை.

இந்தத் துணிகள் ஊர் ஊராகப் போயின. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கும், 1904 முதல் மலையைத் துளைத்துக் கொல்லத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, கம்பெனிச் சாமான்களை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவதும் எளிதாயிற்று. பெரிய ஓவியம் ஒன்றைப் பார்க்க அரண்மனைக்கோ கோயிலுக்கோ போக வேண்டியிருந்த காலத்தில் ஓவியம் உருளையில் சுற்றிக்கொண்டு நம் கொட்டகைக்கே வந்தது. தரை டிக்கெட்டுக்காரரும் சோபா டிக்கெட்டுக்காரரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். தொலைவு என்பதைக் கோட்டால் காட்ட முடியும் என்று நம் பாட்டன்மாருக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த ஓவியப் பள்ளியும் இல்லை, இந்தக் கட்டம் போட்ட தரைதான்.

செங்கோட்டை என்றதும் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சொல்லாமல் நகர முடியாது. 1906இல் பிறந்து 1933இல் மறைந்தவர். கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ ஜோடனைக்காகவே ஓடிய நாடகம்; அதில் கிட்டப்பா பாடினார். காட்சிக்குக் காட்சி மேடை மாறும், மின்னும், இடிக்கும். அத்தனைக்கும் நடுவில் ஒரு மெலிந்த பையன் நின்று உச்சஸ்தாயியைத் தொட்டான். படுதா எவ்வளவு ஆரவாரமாக இருந்தாலும் அவன் நிற்க ஓர் இடம் விட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கள் குத்துக்கல்வலசை, தென்காசி வட்டாரத்துக்குச் சீன் எழுதியவர்களின் உண்மையான எதிரி ரசனையில்லாத பார்வையாளர் அல்ல, சாரல். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, கொட்டகையின் கீற்றைத் தூக்கிப் பார்க்கும். அடிக்கட்டை கனமாக இல்லாவிட்டால் அரண்மனை தொட்டிலாடும். கூடவே வரும் பொடித்தூற்றல் பட்டால் பசை வண்ணம் கசிந்து தூணின் சிவப்பு தரையில் இறங்கும். ஈரத்தோடு சுருட்டிவிட்டால் அடுத்த ஊரில் விரிக்கும்போது நந்தவனம் முழுக்கப் பூசணம். வெயிலூரான கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் நெடுங்காலம் உழைக்கும் துணி இங்கே வந்தால் சீக்கிரம் நைந்துபோகும்.

அதனாலோ என்னவோ, இந்த மண்ணின் சொந்தக் கலைகள் படுதாவை எதிர்பார்க்கவில்லை. கொடைவிழா வில்லுப்பாட்டில் காடும் அரண்மனையும் புலவரின் வாயிலிருந்து வர வேண்டும். பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய குற்றாலக் குறவஞ்சியும் அப்படித்தான்: மலையும் அருவியும் குரங்கும் சொல்லிலேயே எழும்பி நிற்கின்றன. குற்றாலத்தில் குடியிருந்து கொண்டு அந்தப் பாட்டுகளை ரசித்து ரசித்தே ஊருக்கெல்லாம் ருசி பழக்கிய டி.கே.சி.யிடம் படுதாவைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. பாட்டு நன்றாக இருந்தால் படுதா எதற்கு என்று ஒருவேளை கேட்டிருப்பார். நானும் பாதி ஒத்துக்கொள்வேன். மீதிப் பாதிக்குக் கோவில்பட்டி போக வேண்டும்.

சி. கொண்டையராஜு 1898இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதப் போனார். 1940களின் தொடக்கத்தில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. ஊர் திரும்பாமல் அவர் அங்கேயே தங்கினார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ உருவானது. டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம் என்று கூட்டாளிகளும் சீடர்களுமாக ஒரு கூடம் அமைந்தது. முதலில் போட்டோ பிடிப்பதும் அதற்கு வண்ணம் தீட்டுவதும். பின்பு சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம். அவர் மறைந்தது 1976இல்.

அந்தக் காலத்துப் போட்டோ ஸ்டூடியோவை நினைத்துப் பாருங்கள். மாடிப்படி, தூண், பூந்தொட்டி எழுதிய படுதா. அதன் முன்னால் விறைத்து நிற்கும் புதுமணத் தம்பதி. நாடகத் தர்பார்தான், ராஜாவுக்குப் பதில் நம்மூர் மாப்பிள்ளை. சீன் எழுதிய கைக்கு இது சுலபமான தாவல். அடுத்த தாவல்தான் பெரிது. இத்தனை வருஷம் காலியாக விட்டுவந்த இடத்தில் கொண்டையராஜு கூடத்தார் முருகனை நிறுத்தினார்கள். லட்சுமியை, மீனாட்சியை நிறுத்தினார்கள். அந்தக் காலண்டர்ப் படங்களைப் படுதாவின் நினைவோடு பார்க்கும்போதுதான் அவற்றின் இலக்கணம் பிடிபடுகிறது. தெய்வம் முன்மேடையில் நம்மைப் பார்த்து நிற்கிறது. பாதத்துக்குக் கீழே மேடை விளிம்புபோல ஒரு பட்டை. தலைக்கு மேல் வளைவு அல்லது திரைக்குஞ்சம். பின்னால் ஏரி, மலை, கோபுரம், எல்லாம் கொஞ்சம் மங்கலாக, முந்திக்கொள்ளாமல். முகத்தில் விழும் வெளிச்சம் வானத்துச் சூரியனிலிருந்து வருவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் நம் பக்கத்திலிருந்து, மேடை விளக்குபோல வருகிறது. ரவிவர்மா படங்களோடு வைத்து ஒப்பிட்டே இவர்களை அளப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். ரவிவர்மாவின் பெண்கள் ஏதோ ஒரு கதையின் நடுவில் திரும்பிப் பார்க்கிறார்கள். கோவில்பட்டித் தெய்வங்களுக்குப் பார்வையாளர் எதிரே இருப்பது தெரியும்.

பல படங்களின் அடியில் கொண்டையராஜு, சுப்பையா என்று இரண்டு கையெழுத்தும் சேர்ந்தே இருக்கும். உருவம் யார், பின்னணி யார் என்று பிரித்துச் சொல்ல நிபுணர்கள் முயலலாம். எனக்கு அதில் ஆசையில்லை. ஒருவர் கை முடியும் இடத்தில் இன்னொருவர் கை தொடங்கியது தெரியக்கூடாது என்பது சீன் வேலையின் தர்மம். அது காலண்டருக்கும் வந்துவிட்டது. எல்லாமே உசத்தி என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பாணியைப் பின்பற்றிப் பின்னால் வந்தவர்களின் படங்களில் இளஞ்சிவப்பு ஏறிக்கொண்டே போய், பின்னணிப் பூக்கள் சாமியின் மாலையோடு போட்டி போடுகின்றன. படுதாவின் அடக்கத்தைக் கைவிட்ட இடம் அது.

காலியான தர்பார் ஒன்று, தெய்வம் நிறைந்த காலண்டர் ஒன்று. இவை இரண்டுக்கும் மூத்த ஒரு மேடை குற்றாலத்தில் இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் சிதம்பரத்துக்குப் பொன், மதுரைக்கு வெள்ளி, திருநெல்வேலிக்குத் தாமிரம், திருவாலங்காட்டுக்கு ரத்தினம், குற்றாலத்துக்குச் சித்திரம். அருவிக்கரைக் கோயிலிலிருந்து சற்று விலகி, எதிரே தெப்பக்குளம், மேலே செப்புத் தகடு வேய்ந்த மரக்கூரை. மற்ற சபைகளில் ஆடுபவர் உலோகமாக நிற்க, இங்கே அவரே சுவரோவியம். சுற்றிலும் சிவனின் கோலங்கள், தேவி, அடியார்கள் என்று கோடுகள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளச் சுவரோவியத்தின் சாயலும் இதில் கலந்திருக்கிறது: அகன்ற கண், கனத்த ஆபரணம், நெருக்கியடித்த உருவங்கள். எத்தனை பேர் சேர்ந்து எழுதினார்களோ, ஒரு பெயரும் தொக்கி நிற்கவில்லை.

வெயிலிலிருந்து உள்ளே போனவுடன் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். முதலில் காவிச் சிவப்பு எழும், அதற்கப்புறம் பச்சை, கடைசியில் கோடுகள். பலர் அதற்குள் வெளியே வந்துவிடுகிறார்கள், அருவியில் கூட்டம் குறைந்திருக்குமோ என்ற கவலையில். படுதாக்காரர் நடுவில் இடம் விட்டார். இந்தச் சுவர்க்காரர் விரல்கடை இடம்கூட விடவில்லை. அப்படியானால் என் கட்சி தோற்றதா? நான் அப்படி நினைக்கவில்லை. மார்கழித் திருவாதிரைக்கு உற்சவ நடராஜர் சித்திர சபைக்கு எழுந்தருளித் தாண்டவ தீபாராதனை நடக்கும்போது, எழுதிய ஆட்டத்துக்கு எதிரில் வார்த்த ஆட்டம் வந்து நிற்கிறது. தீபம் அசைய அசைய இரண்டும் அசைகின்றன. இங்கே இடம் சுவரில் இல்லை, சுவருக்கு முன்னால் விடப்பட்டிருக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அது வெற்றுத் தரை.

இப்போது நாடகத்துக்கு ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. சாரல் அதை ஒன்றும் செய்யாது, பூசணம் பிடிக்காது, பசை காய்ச்ச வேண்டாம். இவை மூன்றும் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் வள்ளி திருமணத்துக்கு இணையத்தில் எடுத்த பேரருவிப் புகைப்படத்தை மேடை அகலத்துக்கு அச்சடித்து மாட்டினால், பளபளக்கும் தண்ணீர் விளக்கொளியைத் திருப்பிப் பார்வையாளர் கண்ணில் அடிக்கிறது. பச்சைப் புடவைக்காரி பச்சைக் காட்டில் காணாமல் போகிறாள். தினைப்புனத்தில் நிற்கிறாளா, சுற்றுலாத்துறை விளம்பரத்தில் நிற்கிறாளா என்று குரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்பெஷல் நாடகம் பேசும் விழாக் கமிட்டிக்காரர்கள் நடிகர், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். சீன் வாடகைக்குப் பேசும்போது துணியா ஃபிளெக்ஸா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். துணி என்றால், மழைக்காலமில்லாத மாதமாகத் தேதி வையுங்கள்.