கடைசித் துளி
பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் பியூரெட். 50 மில்லி கொள்ளும் ஒல்லிக் கண்ணாடிக் குழாய். ஒவ்வொரு மில்லியையும் பத்தாக வகுத்த மெல்லிய கோடுகள். தண்ணீர் ஊற்றினால் மேற்பரப்பு பிறைபோலக் குழிந்து நிற்கும். அந்தக் குழிவின் அடியைத்தான் படிக்க வேண்டும், கண் அதற்கு நேராக வரும்வரை முழங்காலை மடித்து. பெர்மாங்கனேட் என்றால் அடி தெரியாது, அவ்வளவு அடர்ந்த ஊதா. மேல் விளிம்பைப் படிப்போம்.

இடது கை திருகைத் திருப்ப, வலது கை கூம்புக் குடுவையைச் சுழற்றும். குடுவையின் சூடான ஆக்சாலிக் அமிலத்தில் விழும் பெர்மாங்கனேட்டின் முதல் துளியின் நிறம் போக மனமில்லாமல் தயங்கும். அடுத்தடுத்த துளிகள் விழுந்த மாத்திரத்தில் மறையும். முடிவு நெருங்கியதும் கைக்குத் தானாகவே ஒரு நிதானம் வந்துவிடும். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லி. அதிலும் பாதியை, நுனியில் தொங்கும்போதே குடுவையின் உட்சுவரில் தொட்டெடுத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி இறக்குவார் எங்கள் ஆசிரியர். வெள்ளை ஓட்டின்மேல் வைத்த குடுவையில் வெளிறிய இளஞ்சிவப்பு பரவி, அரை நிமிடம் கலையாமல் நிற்கும். குறிப்பேட்டில் 19.6. குடுவையைக் கழுவி மறுபடி செய்தால், அதே 19.6. அந்த இரண்டாவது எண்ணை எழுதும்போது பேனாவே கொஞ்சம் அழுத்தமாக ஓடும்.