ஹேப்பி ஃபீட் டூ: பார்வையாளர் கருத்துகளும் மதிப்பீடும்

ஹேப்பி ஃபீட் டூ (2011) ஜார்ஜ் மில்லர் இயக்கிய அசைவூட்டத் திரைப்படம். சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற ஹேப்பி ஃபீட் (2006) படத்தின் தொடர்ச்சியாக வெளிவந்தது. அண்டார்டிகாவின் பேரரசப் பென்குயின்களைக் கதைமாந்தராகக் கொண்டது. முதல் படத்தைக் கொண்டாடிய பார்வையாளர்கள் இரண்டாம் படத்தை அதே அளவில் ஏற்கவில்லை. அவர்கள் கூறிய குறைகளில் எவை பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை என்பது இன்றும் பேசத்தக்கது.

கதை

முதல் படத்தில் பாடத் தெரியாமல் காலால் தாளமிட்டு ஆடிய மம்பிள் இப்போது தந்தை. அவனுடைய மகன் எரிக் ஆட முயன்று எல்லோர் முன்பும் கேலிக்கு ஆளாகிறான். மனம் உடைந்து, இரு நண்பர்களுடன் ரமோன் என்னும் அடேலி பென்குயினின் பின்னே கிளம்பிவிடுகிறான். அங்கே பறக்கத் தெரிந்த ஸ்வென் அவனுக்கு நாயகனாகத் தெரிகிறான். ஸ்வென் உண்மையில் பென்குயின் அல்ல, பஃபின் என்னும் வடகடல் பறவை. இதற்கிடையே பெரும் பனிமலை ஒன்று மோதி, பேரரசப் பென்குயின்களின் இருப்பிடத்தைக் கடலிலிருந்து துண்டித்து விடுகிறது. பள்ளத்தில் சிக்கிய கூட்டத்தை மீட்பதே மீதிக்கதை. இதனுடன் தொடர்பில்லாததுபோல் இன்னொரு கதையும் ஓடுகிறது. வில், பில் என்னும் இரண்டு கிரில்கள், அதாவது இறால் வடிவிலான சின்னஞ்சிறு கடலுயிர்கள், தம் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து உலகைப் பார்க்கப் புறப்படுகின்றன. இவற்றுக்குக் குரல் கொடுத்தவர்கள் பிராட் பிட், மாட் டேமன்.

வரவேற்பு

முதல் படம் உலகெங்கும் ஏறத்தாழ 38 கோடி டாலர் வசூலித்தது. இரண்டாம் படத்தின் வசூல் 16 கோடி டாலர் அளவிலேயே நின்றது. தயாரிப்புச் செலவு 13 கோடி டாலருக்குக் குறையாத நிலையில், திரையரங்குகளின் பங்கு போக இது பெரும் இழப்பு. வெளியான வார இறுதியில் டுவைலைட் வரிசைப் படம் முதலிடத்தைப் பிடித்தது. சில நாட்களில் தி மப்பெட்ஸ், ஹியூகோ, ஆர்தர் கிறிஸ்துமஸ் ஆகியவையும் குடும்பப் பார்வையாளர்களைப் பங்கு போட்டன. படத்தை உருவாக்கிய சிட்னி நகரின் டாக்டர் டி ஸ்டுடியோஸ் நிறுவனத்தில் பல நூறு பேர் வேலை இழந்தனர். பின்னர் அந்நிறுவனமே மூடப்பட்டது. எனவே படத்தைப் பற்றிய பொதுக்கருத்து ரசனையோடு நிற்காமல் ஒரு தொழிற்கூடத்தின் வாழ்வையும் தொட்டது.

பார்வையாளர் கருத்துகள்

பரவலாகச் சொல்லப்பட்ட குறைகள் மூன்று. கதை பல கிளைகளாகச் சிதறுகிறது என்பது முதலாவது. சுற்றுச்சூழல் அறிவுரை மிகுதி என்பது இரண்டாவது. சிறு குழந்தைகளுக்கு இருண்மையும் அச்சமும் கூடுதல் என்பது மூன்றாவது. முதல் படத்தில் குளோரியாவுக்குக் குரல் கொடுத்த பிரிட்டனி மர்பி 2009-ல் மறைந்ததால் பாடகி பிங்க் அப்பொறுப்பை ஏற்றார். அவருடைய பாடலை விரும்பியோர் பலர் என்றாலும் பழைய குரலின் இல்லாமையை உணர்ந்தோரும் உண்டு. மறுபுறம், முப்பரிமாணக் காட்சியமைப்பையும் வில், பில் இணையின் நகைச்சுவையையும் படத்தைப் பிடிக்காதவர்கள்கூடப் பாராட்டினர்.

மதிப்பீடு

கதை சிதறுகிறது என்பது மறுக்க முடியாத குறை. முதல் படத்தில் மம்பிளின் ஆட்டமே அவனுடைய குற்றம், தண்டனை, விடுதலை எல்லாமாக இருந்தது. இங்கே எரிக்கின் வெட்கம் தொடக்கத்தில் எழுந்து, பனிமலை வந்ததும் மறக்கப்படுகிறது. பள்ளத்தில் கிடக்கும் கூட்டத்தின் பசிக்கு முன்னால் ஆடத் தெரியாத குஞ்சின் கவலை சிறிதாகிவிடுகிறது. தந்தை, மகன் உறவு மீண்டும் உயிர்பெறுவது எரிக் பாடும் இடத்தில்தான். முன்பு மம்பிள் காப்பாற்றிய யானைச் சீல் உதவிக்கு வர மறுக்கும்போது, எரிக் புச்சினியின் டோஸ்கா ஓப்பராவின் மெட்டில் தன் தந்தைக்காகக் குரலெடுக்கிறான். பறக்கும் ஸ்வெனை வியந்த பிள்ளை, பறக்கத் தெரியாத தகப்பனின் பெருமையை உணரும் இடம் அது. அதற்கு முந்தைய காட்சிகள் இந்த மாற்றத்தைப் போதிய அளவில் வளர்க்கவில்லை என்பதால், சிலருக்கு அது நெகிழ்ச்சியாகவும் சிலருக்குத் திடீரென்றும் தோன்றியது.

ஆனால் வில், பில் பகுதியைத் தேவையற்ற ஒட்டு என்று தள்ளுவது சரியன்று. அண்டார்டிகக் கடலில் பென்குயின், சீல், திமிங்கலம் ஆகியவற்றின் உணவு கிரில். எண்ணிக்கையால் மட்டுமே வலிமை கொண்ட அவ்வுயிர், கூட்டத்தைவிட்டுத் தனியாளாக நிற்க விரும்புகிறது. தனியாக நிற்பது பெருமையா, சேர்ந்து நிற்பது பெருமையா என்ற கேள்வியே எரிக்கின் கதையிலும் உள்ளது. இறுதியில் பனிக்கு மேலே பென்குயின்களும் சீல்களும், பனிக்குக் கீழே கிரில்களும் ஒரே தாளத்தில் மிதிக்கும்போது படத்தின் கருத்து முழுமையடைகிறது. குறை என்னவென்றால், இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று அறிவதில்லை. பெரியவர்கள் ஊகித்துக்கொள்ளும் இந்த இணைப்பு சிறுவர்களுக்கு எட்டாமல் போகக்கூடும்.

அறிவுரை மிகுதி என்ற குறை முதல் படத்துக்கே கூடுதலாகப் பொருந்தும். அதில் பென்குயின்களின் ஆட்டத்தைக் கண்ட மனிதர் மனம் மாறி மீன்பிடியை நிறுத்துகின்றனர். இரண்டாம் படத்தில் உதவ வரும் மனிதர்கள் வானிலை மோசமானதும் திரும்ப வேண்டியதாகிறது. மனிதனை வில்லனாகவும் மீட்பனாகவும் காட்டாத இந்தப் பார்வை முதிர்ச்சியானது. இருப்பினும், பனி உருகுவதைக் குறிப்பால் காட்டிவிட்டு, தாளமிட்டு மிதிப்பதால் சிக்கல் தீர்வதாக முடிப்பது எழுப்பிய கேள்விக்கு ஈடான விடையன்று.

பனிமலை வழியடைக்கும் நிகழ்வை வெறும் கற்பனை என்று கருதவும் இடமில்லை. 2000 மார்ச்சில் ராஸ் பனியடுக்கிலிருந்து பி-15 என்னும் பனிமலை பிரிந்தது. ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அப்பனிமலையிலிருந்து உடைந்த ஒரு பெருந்துண்டு ராஸ் தீவருகே தங்கியதால், அப்பகுதிப் பென்குயின்கள் கடலை அடையும் வழி நீண்டது. கேப் குரோசியரில் இருந்த பேரரசப் பென்குயின்களின் இனப்பெருக்கம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. படத்தின் இருண்மை குழந்தைகளை அச்சுறுத்தச் சேர்க்கப்பட்டதல்ல. அந்நிலத்தின் வாழ்க்கையிலேயே அது உள்ளது.

மில்லர் இத்தகைய வரவேற்பைச் சந்தித்தது இது முதல் முறையன்று. அவர் தயாரித்த பேப் (1995) பெரிதும் விரும்பப்பட்டது. அவரே இயக்கிய அதன் தொடர்ச்சி பேப்: பிக் இன் தி சிட்டி (1998) இருண்ட படம் என்று கூறப்பட்டுத் தோற்றது. காலப்போக்கில் அதற்கு ஆதரவாளர்கள் பெருகினர். தொடர்ச்சியில் பழைய மகிழ்ச்சியையே மீண்டும் தராமல், கதைமாந்தரைக் கடினமான உலகத்துக்குள் இறக்கிவிடுவது அவருடைய வழக்கம். ஹேப்பி ஃபீட் டூ அப்படத்தின் இறுக்கத்தை எட்டவில்லை. அதன் முதற்பாதி தளர்வானது, பாடல்கள் பலவும் கதையோடு ஒட்டாதவை. ஆயினும் சிறியவர் பலர் ஒன்றுகூடுவதன் ஆற்றலைக் கிரில் அளவிலிருந்து பனிமலை அளவுவரை காட்சியால் சொன்ன வகையில், முதல் படத்தின் மங்கலான நகல் என்ற பொதுத்தீர்ப்புக்கு அது உரியதன்று.