ஒளிவட்டமும் ஆணித்தழும்பும்

கோவையின் ஆலைத் தொழிலாளர் வீட்டுச் சுவர்களில் கிறித்துவின் படம் தொங்கக் காண்கிறோம். பளபளக்கும் கூந்தல், வெண்பட்டு மேனி, தலையைச் சுற்றி ஒளிவட்டம்! தச்சன் மகன் என்று நூல் கூறுகிறது. படத்திலுள்ள கையிலோ காய்ப்பின் சுவடும் இல்லை. உழைத்துக் களைத்தவன் அண்ணாந்து பார்க்கும் படத்தில் உழைப்பு எங்கே என்று கேட்கிறோம்.

இவ்வடிவம் தொன்றுதொட்டு வந்ததா? அன்று! உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் 3-ஆம் நூற்றாண்டில் தீட்டப்பெற்ற கிறித்து, தோளில் ஆடு சுமந்த, தாடியற்ற இளம் ஆயன். தலையில் வட்டமில்லை. 4-ஆம் நூற்றாண்டில் அரசாதரவு கிட்டிய பின்னரே, கதிரவன் தலையிலும் பேரரசர் தலையிலும் இருந்த ஒளி அவர் தலைக்கும் ஏறிற்று. அறையுண்ட காட்சியோ 5-ஆம் நூற்றாண்டில், சாந்தா சபீனா கோயிற் கதவில்தான் வெளிப்படக் காண்கிறோம். 1940-இல் அமெரிக்கர் வார்னர் சால்மன் தீட்டிய தலையோவியம் கோடிக்கணக்கில் அச்சாகி உலகெங்கும் பரவியது. ஆயன் அரசனானான், அரசன் அழகனானான், ஆணித்தழும்பு மறைந்தது!

குறியீடு வானிலிருந்து வீழ்வதன்று, மனிதன் வரைவது. இதனை உணர்த்தியவர் 1911-இல் கோவையிலே பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1950-களில் கிறித்துவையும் தீட்டிய அவர், 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் சாதகக் கட்டங்களையும் படிக்கவியலா எழுத்துகளையும் திரையெங்கும் நிரப்பினார். ஊரை அச்சுறுத்திய கட்டம் அவர் தூரிகையில் வெறுங் கோடாயிற்று. அந்தத் துணிவைப் போற்றுகிறோம். ஆயினும், நோகும் மனித உடல் அக்கோடுகளுக்குள் ஒடுங்கியதைக் குறை என்றே கருதுகிறோம்.

குறியீட்டின் மதிப்பை எதைக்கொண்டு அளப்பது? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தைப் பாருங்கள். பீடம் ஒன்று, அதை நோக்கிய கூடங்கள் இரண்டு, இடையே சாதிச் சுவர்! விரித்த கரங்கள் மேலே, பிரித்த சுவர் கீழே! 1910-இல்தான் அச்சுவர் இடிந்தது. இறந்த பின்னும் சாதிக்கொரு கல்லறை கேட்கும் வழக்கமோ தமிழகத்தில் இன்னும் முற்றாக ஒழியவில்லை.

எனவே கலைஞர்களை வேண்டுகிறோம்: வட்டத்தைக் குறையுங்கள், தழும்பைக் காட்டுங்கள். ஒளி கண்ணைக் கூசச் செய்யும். காயமோ கண்ணைத் திறக்கும். ஆணியடித்த கையை அருகிலிருந்து கண்டவன், அண்டை வீட்டானைத் தள்ளி நிறுத்தச் சுவர் எழுப்புவானா?