ஐவர் பாட்டு, ஒருவர் படம்

ராக் கச்சேரிப் படங்களில் எது தலையானது என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்லும் பெயர் ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’. ‘தி பேண்ட்’ குழு 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் விடைபெறும் கச்சேரி நடத்தியது. அதை மார்ட்டின் ஸ்கார்செசி படமாக்கி 1978-இல் வெளியிட்டார். படத்தின் புகழோடு எனக்குத் தகராறு இல்லை. அதைப் பார்த்துவிட்டால் அந்தக் குழுவைத் தெரிந்துகொண்டதாகிவிடும் என்று நம்புகிறார்களே, அந்த நம்பிக்கையோடுதான் வழக்கு.

முதலில் படத்துக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடலாம். அதுவரை கச்சேரிப் படங்கள் பெரும்பாலும் 16 மி.மீ. பிலிமில், கையில் தூக்கிய கேமராவில், கிடைத்ததை எடுத்தவை. ஸ்கார்செசி 35 மி.மீ. கேமராக்களை நிறுத்தினார். மைக்கேல் சாப்மன், வில்மோஸ் சிக்மண்ட் போன்ற பெரிய ஒளிப்பதிவாளர்கள் அவற்றின் பின்னால் இருந்தார்கள். ஓபரா மேடையிலிருந்து அரங்கப் பொருள்கள் வந்தன, சரவிளக்குகள் தொங்கின. பாடலின் எந்த அடியில் எந்தக் கேமரா யாரைக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். ‘உட்ஸ்டாக்’ படத்தின் படத்தொகுப்பில் வேலை செய்தவர் அவர். அந்தப் படம் கூட்டத்தைக் கொண்டாடியது. இவரோ கூட்டத்தை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு மேடைமேலேயே நின்றார். வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வைகள் வேறு எந்தப் படத்திலும் இவ்வளவு கிட்டத்தில் கிடைப்பதில்லை. படம் கச்சேரியின் கடைசி உருப்படியில் தொடங்குகிறது. மங்களத்தை முதலில் பாடிவிட்டு வர்ணத்துக்குப் போவதைப் போன்ற துணிச்சல் அது, பலித்தும் இருக்கிறது.

விருந்தாளியாக வந்த ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் பாடும் ‘மேனிஷ் பாய்’ காட்சியில் கிட்டத்தட்ட ஒரே கேமராதான் ஓடுகிறது. அந்த முதியவரின் முகத்தைவிட்டு அது நகரவில்லை. திட்டம் தவறியதால் வாய்த்த காட்சி என்கிறார்கள்; படத்தின் மிகச் சிறந்த நிமிடங்களில் அதுவும் ஒன்று. குழுவின் லீவான் ஹெல்ம் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடும் ‘தி நைட் தே ட்ரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்’ 1969 இசைத்தட்டில் உள்ள வடிவத்தையே மிஞ்சிவிடுகிறது. தோற்றவனின் கோபம் அங்கே குரலில் மட்டும் இல்லை, தோளிலும் கழுத்திலும் தெரிகிறது. ‘தி வெயிட்’ கச்சேரியில் எடுத்ததே அல்ல. பிறகு ஸ்டூடியோ தளத்தில் ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குடும்பத்தோடு சேர்ந்து படமாக்கியது. மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் ஒரு சரணத்தை எடுத்ததும், இந்தக் குழுவின் கூட்டுக்குரல் எந்தத் தேவாலயப் பாட்டிலிருந்து வந்தது என்று புரிந்துவிடுகிறது. அந்தப் பாட்டு முதலில் வந்த 1968 தட்டு இதைச் சொல்லவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ‘தி பேண்ட்’ ஐந்து பேர்: ஆர்கன்சாவிலிருந்து வந்த ஹெல்ம், கனடாக்காரர்களான ராபி ராபர்ட்சன், ரிக் டாங்கோ, ரிச்சர்ட் மேனுவல், கார்த் ஹட்சன். முதன்மைப் பாடகர்கள் மூவர்: ஹெல்ம், டாங்கோ, மேனுவல். ராபர்ட்சன் கிதார்காரர், பாடல்களை எழுதியவர், பாடியது அபூர்வம். ஆனால் இந்தப் படத்தை மட்டும் பார்த்தவர் அவரையே தலைவராகவும் பாடகராகவும் நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. பேட்டிகளில் பெரும்பகுதி அவருடையது. நெருக்கக் காட்சிகளும் அவரைத் தேடியே வருகின்றன. படத்தின் தயாரிப்பாளரும் ராபர்ட்சன்தான் என்பதை மறக்கக் கூடாது. இறுதியில் எல்லோரும் கூடிப் பாடும் ‘ஐ ஷல் பி ரிலீஸ்ட்’, பாப் டிலன் எழுதி, 1968-இல் மேனுவல் தன் கீச்சுக்குரலால் சொந்தமாக்கிக்கொண்ட பாட்டு. படத்தில் அந்தக் குரல் கேட்கிறது. முகத்தை நாம்தான் தேட வேண்டும்.

ஹெல்ம் 1993-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இந்தப் படத்தைக் கடுமையாகச் சாடினார். மட்டி வாட்டர்ஸையே நீக்கப் பார்த்தார்கள், தான் மல்லுக்கட்டித்தான் அவர் மேடையேறினார் என்றார். ராபர்ட்சனோடு அவருக்குப் பாடல் உரிமைத் தகராறும் இருந்ததால் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே ஏற்கத் தேவையில்லை. ராபர்ட்சன் தரப்பிலும் நியாயம் உண்டு. கேமரா முன் கோவையாகப் பேசத் தெரிந்தவர் அவர். மேனுவல் தடுமாறினார், ஹட்சன் பேசவே கூச்சப்பட்டார். ஆனால் யார் பேசியதை வைப்பது, எவ்வளவு வைப்பது என்பது படத்தொகுப்பு மேசையில் நடப்பது. கூச்சம் அங்கே சாக்காகாது.

இன்னொரு பொய்யும் உண்டு. 16 ஆண்டு ஊர் ஊராக அலைந்தது போதும், இத்தோடு முடித்துக்கொள்கிறோம் என்ற சோகம்தான் படத்தின் உயிர். அந்த முடிவு ஐவருடையது அல்ல. 1983-இல் மற்ற நால்வரும் ராபர்ட்சன் இல்லாமல் மறுபடி கிளம்பிவிட்டார்கள். 1986-இல் மேனுவல் உயிரை மாய்த்துக்கொண்டது அப்படியொரு பயணத்தின் நடுவில்தான்.

படத்தோடு வந்த மூன்று தட்டுத் தொகுப்பும் முழு நேரடிப் பதிவு அல்ல. பல பகுதிகள் பின்னர் ஸ்டூடியோவில் திருத்தி வாசிக்கப்பட்டவை. ஆலன் டூசான்ட்டின் ஊதுகருவி அமைப்போடு இவர்கள் மேடையில் எப்படி ஒலித்தார்கள் என்று கேட்க விரும்பினால், 1971 கடைசி இரவுகளில் நியூயார்க்கில் பதிவான ‘ராக் ஆஃப் ஏஜஸ்’ போதும். விருந்தாளி வரிசை இல்லை. குழுவும் ஊதுகருவிக்காரர்களும் மட்டும் வாசிக்கிறார்கள்.

இனி 1969 தட்டு. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டது, பழுப்பு உறையால் ‘பிரவுன் ஆல்பம்’ என்று அழைக்கப்படுவது. ஹாலிவுட் மலைமேல் சாமி டேவிஸ் ஜூனியரின் வீட்டு நீச்சல்குளத்தை ஒட்டிய அறையில் பெரும்பகுதி பதிவானது. தயாரிப்பாளர் ஜான் சைமன். ‘ராக் மாமா ராக்’ பாட்டில் மேனுவல் டிரம்ஸுக்குப் போகிறார், ஹெல்ம் மாண்டலின் எடுக்கிறார், டாங்கோ வயலின் வாசிக்கிறார், பேஸ் கிதாருக்குப் பதில் சைமன் ட்யூபா ஊதுகிறார். ‘அப் ஆன் கிரிப்பிள் கிரீக்’ பாட்டில் தவளைபோல் கத்துவது ஹட்சனின் கிளாவினெட். வா-வா பெடல் வழியாக வந்து மோர்சிங் ஒலியாகிறது. ‘விஸ்பரிங் பைன்ஸ்’ பாட்டில் மேனுவல் தனிமையில் கரைய, தூரத்திலிருந்து ஹெல்மின் குரல் பதில் சொல்கிறது. பாடல்கள் 12, அத்தனையிலும் எழுதியவராக ராபர்ட்சன் பெயர் உண்டு, மூன்றில் மேனுவலும் ஒன்றில் ஹெல்மும் கூட்டு. ஆனால் காதில் விழுவது யாருடைய தனி ஆட்சியும் அல்ல. இவர் விட்ட இடத்தில் அவர் தொடுகிறார், ஒருவர் குரல் உடையும் இடத்தில் இன்னொருவர் தாங்குகிறார். ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு வெட்டித் தாவும் கேமராவுக்கு இது பிடிபடாது.

ஆகவே என் தீர்ப்பு: ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ சிறந்த படம், ‘தி பேண்ட்’ பற்றிய நம்பத்தகுந்த சாட்சி அல்ல. அந்த இடம் 1969 தட்டுக்கே. முதலில் அதைக் கேளுங்கள். மூன்று குரல்களையும் பெயர் சொல்லிப் பிரிக்கத் தெரிந்த பிறகு படத்தைப் பாருங்கள்.