கண்ணைக் கட்டிய பெண்

ஒரு லிப்ஸ்டிக் விளம்பரம் வரையச் சொன்னால் நீங்கள் என்ன வரைவீர்கள்? பெரிய கண்கள், பளிச்சென்று ஒரு சிரிப்பு, பக்கத்தில் லிப்ஸ்டிக். 1949-ல் 'ரூஜ் பெஸே' லிப்ஸ்டிக்குக்காக ரெனே க்ரூவோ வரைந்த பெண்ணின் கண்ணையே காணோம். கறுப்புத் துணியால் கட்டிவிட்டார். மிச்சம், சிவந்த உதடுகள். வேறு எங்கே பார்ப்பீர்கள்!

க்ரூவோ 1909-ல் இத்தாலியின் ரிமினியில் பிறந்தவர். அப்பா இத்தாலியப் பிரபு, அம்மா பிரெஞ்சுக்காரர். அம்மாவின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு பாரீஸில் பேர் வாங்கினார். 'ஜி' என்று ஒரு எழுத்து, தலைக்கு மேல் ஒரு நட்சத்திரம். அதுதான் கையெழுத்து.

1947-ஐ நினைத்துப் பாருங்கள். யுத்தம் முடிந்து இரண்டே வருஷம். துணிக்குத் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் கிறிஸ்டியன் தியோர் கஜக்கணக்கில் துணியை வாரி இறைத்துப் பாவாடை தைக்கிறார். கூடவே 'மிஸ் தியோர்' என்று ஒரு சென்ட். அதன் விளம்பரத்துக்கு க்ரூவோ வரைந்தது ஓர் அன்னம். கழுத்தில் முத்துமாலை, கறுப்பு ரிப்பன். பெண் இல்லை. 1949-ல் இன்னொன்று: சிறுத்தையின் பாதத்தின் மேல் ஒரு பெண்ணின் கை. துணியில் ஊதாரியாக இருந்தவருக்கு, மையில் கஞ்சனாக இருந்தவர் விளம்பரம் வரைந்தார். ஜோடிப் பொருத்தம் என்றால் இதுதான்.

இந்தக் கஞ்சத்தனத்தை எங்கே கற்றார்? ஜப்பானிய மரச்செதுக்குப் படங்களிலும், துலூஸ் லாத்ரெக்கிடமும். தடித்த கறுப்புக் கோடு, நிழலே இல்லாத தட்டையான வண்ணம், தைரியமாகக் காலியாக விட்ட இடம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. லாத்ரெக் 1891-ல் போஸ்டர் வரைந்த அதே மூலான் ரூஜுக்குப் பிற்காலத்தில் க்ரூவோவும் வரைந்தார்.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். லாத்ரெக்கும் விளம்பரம் வரைந்தவர்தான். ஆனால், போஸ்டரில் துள்ளிய பெண்களை, ஆட்டம் முடிந்து களைத்து உட்கார்ந்திருக்கும்போதும் அவர் பார்த்தார், அதையும் ஓவியமாக்கினார். க்ரூவோ எடுத்துக்கொண்டது அவருடைய கோட்டைத்தான், கண்ணை அல்ல. க்ரூவோவின் பெண்கள் களைப்பதே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பதில்லை. அத்தனை பேருக்கும் ஒரே நீளக் கழுத்து, ஒரே அலட்சியம். பத்துப் படங்கள் பார்த்தால் அசந்துபோவீர்கள். நூறு பார்த்தால், 'இந்தம்மாவுக்கு வீடு வாசல் கிடையாதா?' என்று கேட்பீர்கள்.

ஆனாலும் ஆசாமியை லேசில் ஒதுக்கிவிட முடியாது. ஃபேஷன் பத்திரிகைகளில் கேமரா வந்து ஓவியர்களை ஓரங்கட்டிய காலத்திலும் இவர் கை ஓயவில்லை. 1966-ல் தியோர் ஆண்களுக்காகக் கொண்டுவந்த 'ஓ சவாஜ்' சென்டுக்கு இவர் வரைந்த ஆள், குளித்துவிட்டு பாத்ரோப்புடன், ரோமம் அடர்ந்த கால்களைக் காட்டிக்கொண்டு வருகிறான். அதுவரை கட்டிக்காத்த கம்பீரத்தைத் தானே கிண்டல் செய்த மாதிரி ஒரு குறும்பு. அந்தக் குறும்பில் கொஞ்சத்தைத் தன் பெண்களுக்கும் கொடுத்திருக்கலாம்.

2004-ல், 95 வயதில் ரோமில் இறந்தார். எதையெல்லாம் வரையாமல் விடலாம் என்று இவரைப்போல் அறிந்தவர்கள் குறைவு. விட்டவற்றில் அந்தப் பெண்ணின் மனசும் ஒன்று என்பதுதான் என் வருத்தம். கண்கட்டை அவிழ்த்தால் அவள் எப்படிப் பார்த்திருப்பாள்? கடைசிவரை அவர் அவிழ்க்கவே இல்லை.